தாய்வழி வந்த இரத்தம்

வேதவாசிப்பு: எசேக்கியேல் 18, யோவான் 9:1-7





சில வாரங்களாக யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தை விட்டு என் மனம் நகரவில்லை. பிறவியிலேயே பார்வையின்றி இருந்த ஒரு மனிதனை ஆண்டவரும் சீஷர்களும் வழியில் காண்கிறார்கள். அவனுக்கு என்ன செய்யலாம் என்று சீஷர்கள் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டானா என்றும் கேட்கவில்லை. அவர்கள் அறிய விரும்பியதெல்லாம் குற்றவாளி யார் என்பதையே. பாவம் அவனுடையதா, அவனைப் பெற்றவர்களுடையதா? ஆண்டவர் இரு தரப்பாரையும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். அதன்பின் அவர் நீண்ட விளக்கம் ஏதும் கொடுக்காமல், தரையில் குனிந்து சேறு உண்டாக்கத் தொடங்கினார்.

சீஷர்கள் கேட்ட அந்தக் கேள்வி நம் வீடுகளில் இன்றும் கேட்கப்படுகிறது. வருசநாட்டு மலையடிவாரத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு வீட்டில் அதை நான் என் காதுகளாலேயே கேட்டேன். மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படுமானால் எழுதுங்கள் என்று அவ்வீட்டார் மனமுவந்து அனுமதித்ததால் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். அவர்கள் யார் என்று ஊகிக்க முயல வேண்டாமென்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தலைப்பிள்ளை. ஆண் குழந்தை. வழக்கப்படி தாய்வீட்டில் பிறந்து, மூன்றாம் மாதத்தில் தகப்பன் வீட்டிற்கு அழைத்து வரப்பட்டான். மார்கழி மாதம், மூல வைகை புறப்பட்டு வருகிற அந்த மலைகளின் குளிர் எப்படிப்பட்டது என்பதை அங்கு ஓர் இரவு தங்கியவர்கள் அறிவார்கள். அப்பத்தா தம்முடைய தகரப் பெட்டியைத் திறந்து, முப்பது ஆண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த நூல் சேலைகளை எடுத்துத் தொட்டில் கட்டினார். தம் மகன் குழந்தையாக இருந்தபோது போர்த்திய கம்பளியை எடுத்துப் பேரனுக்குப் போர்த்தினார். நாள்தோறும் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, அந்தத் துணிகளிலேயே சுற்றிக் கிடத்தினார். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது.

வியாழக்கிழமை குழந்தை பால் குடிக்க மறுத்தான். கண்களில் மஞ்சள் படர்ந்தது. உள்ளங்கால் வெளிறியது. வெள்ளிக்கிழமை காலையில் கீழே விரித்திருந்த துணியில் சிறுநீர் கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. அப்போதே வண்டி பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் இரு குடும்பத்தாரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தாய்வீட்டார், எங்களிடம் இருந்தவரையில் பிள்ளை நன்றாக இருந்தான் என்றார்கள். தகப்பன் வீட்டார், எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு நோயே இல்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான். அதனால்தான் இரண்டும் அவ்வளவு கூர்மையாகப் பாய்ந்தன.

அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் துணிகளை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பெட்டியில், என்றார் அப்பத்தா. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா? ஆமாம், வருடந்தோறும் புதிது வாங்கிப் போடுவேன், ஒரு நூல்கூட அரித்ததில்லை என்று அவர் சற்றுப் பெருமையாகவே சொன்னார். மருத்துவர் தலையசைத்துவிட்டு ஒரு காகிதத்தின் பின்புறத்தில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கு உங்களுக்குச் சொல்லுகிறேன்.

லேவியராகமத்தின் 17ஆம் அதிகாரம் உயிரையும் இரத்தத்தையும் ஒன்றோடொன்று சேர்த்தே பேசுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த இரத்தத்திற்குச் செந்நிறம் தருபவை சிவப்பணுக்கள். நடுவில் துளை விழாமல் இருபுறமும் அமுங்கிய வடையைப் போன்ற வடிவம் உடையவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அணுக்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. வளர்ந்த மனிதனின் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்கி அனுப்புகிறது. நீங்கள் இந்த வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் ஒரு கோடி பிறந்திருக்கும். ஆயினும் சிவப்பணு ஓர் ஏழைப் பயணி. உடலின் மற்ற அணுக்களுக்கு உள்ள உட்கரு அதற்கு இல்லை. தேய்ந்ததைப் புதுப்பிக்கவோ குறைந்ததை உண்டாக்கவோ அதனால் இயலாது. புறப்படும்போது மஜ்ஜை கொடுத்தனுப்பிய கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டே 120 நாட்கள் ஓடியாக வேண்டும்.

அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு நொதி உண்டு. அதன் முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ். மருத்துவர்கள் சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். சிவப்பணு நாள் முழுவதும் ஆக்சிஜனைச் சுமப்பது. இரும்புக் கம்பி காற்றுப்பட்டுத் துருப்பிடிப்பதுபோல, ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்பணுவிற்கும் ஒருவகைத் துரு பிடிக்கும் அபாயம் எந்நேரமும் உண்டு. அதைத் தடுக்கும் காவற்பொருளை இடைவிடாமல் புதுப்பித்துத் தருவதே ஜி6பிடியின் வேலை. மற்ற அணுக்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உள்ளன. சிவப்பணுவிற்கு இந்த ஒரு வழிதான்.

சிலருக்கு இந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களுக்கு இக்குறைபாடு உண்டென்று மதிப்பிடுகிறார்கள். பரம்பரையாக வரும் நொதிக் குறைபாடுகளில் இதைவிடப் பரவலானது வேறில்லை. இந்தியாவில் சில சமூகங்களில் அறவே இல்லை. சில சமூகங்களில் நான்கில் ஒருவருக்குமேல் இருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதன் மரபு வகைகளுக்கு ஊர்ப்பெயர்களையே வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வகைகள் மத்தியதரைக் கடல், ஒரிசா, கேரளா-கல்யாண் என்பவை. இந்தக் கடைசிப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கேரளத்தில் ஒரு வகையும், மகாராஷ்டிரத்துக் கல்யாணில் ஒரு வகையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டு வெவ்வேறு பெயர் பெற்றன. பிற்பாடுதான் இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. குமுளி மலையைத் தாண்டினால் கேரளம். இது எங்கோ தூரதேசத்து நோய் என்று நாம் எண்ணிவிடாதபடி இதைச் சொல்லுகிறேன்.

இக்குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவ்விதத் தொல்லையுமின்றி வாழ்ந்து முதிர்கிறார்கள். விளையாடுகிறார்கள், உழைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். குறைபாடு உள்ளே உறங்கிக்கிடக்கிறது. வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வந்து அதை எழுப்பும்போதுதான் ஆபத்து. சில மருந்துகள், கடுமையான காய்ச்சல், ஒருவகைப் பயறு, அந்துருண்டையின் ஆவி. இவை சிவப்பணுவிற்குள் துருப்பிடிக்கும் வேகத்தைத் திடீரென்று கூட்டிவிடுகின்றன. காவற்பொருள் தீர்ந்துபோனதும், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து சிறு கட்டிகளாக அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் ஹைன்ஸ் 1890இல் இந்தக் கட்டிகளை விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் அவை வழங்குகின்றன. இரத்தம் மண்ணீரலைக் கடக்கும்போது, மண்ணீரல் அந்தக் கட்டியைப் பிய்த்தெடுத்துவிடுகிறது. ஆகவே நுண்ணோக்கியில் பார்த்தால் பல அணுக்கள் ஓரம் கடிபட்ட அதிரசம்போல் தெரியும். மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டியது அந்தக் கடிபட்ட அணுவைத்தான். இப்படிக் காயப்பட்ட அணுக்கள் நீடிப்பதில்லை, உடைகின்றன. உடைந்தவற்றின் கழிவினால் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது, உடல் வெளுக்கிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

அந்துருண்டை நாப்தலின் என்னும் பொருளால் ஆனது. அதன் ஆவி துணியில் ஏறித் தங்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும். நாப்தலின் எண்ணெயில் கரையக்கூடியது. ஆகையால் எண்ணெய் தேய்த்த குழந்தையின் தோலில் அது இன்னும் எளிதாக இறங்கும். கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963லேயே, நாப்தலின் ஆவியைச் சுவாசித்த பச்சிளங்குழந்தைகளுக்கு இரத்தச் சிதைவு ஏற்பட்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கும் பாட்டிமார்கள் கம்பளியைப் பெட்டியில் பத்திரப்படுத்தித்தான் வைத்திருப்பார்கள்போலும்.

அப்பத்தா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் தவறாமல் அவருக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "ஐயா, நானே என் பேரனுக்கு நஞ்சு வச்சுட்டேனா?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லை அம்மா" என்று மட்டும் சொன்னேன். அதே பெட்டியின் துணிகளில்தான் அவருடைய சொந்தப் பிள்ளைகள் நால்வரும் வளர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூச்சி அரிக்காமல் வைத்துப் பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அன்பைத் தவிர அந்தப் பெட்டியில் அவர் வேறொன்றையும் வைக்கவில்லை.

ஆனால் அடுத்து வந்த செய்தி தாயின் பக்கம் திரும்பியது. இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் பயணம் செய்வது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அது தாயிடமிருந்தே கிடைக்கிறது. எனவே ஒரு மகனுக்கு இக்குறைபாடு இருந்தால் அது தாய்வழி வந்தது. தகப்பன் ஒருபோதும் இதைத் தன் மகனுக்குக் கொடுக்க முடியாது. மகள்களுக்கு மட்டுமே கொடுப்பான். தாய்க்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். எர்னஸ்ட் பாய்ட்லர் என்ற மருத்துவர் 1962இல், இத்தகைய பெண்களின் இரத்தத்தில் குறைவுள்ள அணுக்களும் நிறைவுள்ள அணுக்களும் ஒன்றாகக் கலந்து ஓடுவதைக் காட்டினார். அவள் தன் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலே இருந்துவிடலாம். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறைபாடு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதைத் தெரிந்தெடுப்பது அவள் கையில் இல்லை.

மருத்துவர் தாயின் உடன்பிறந்தவர்களைப் பற்றி விசாரித்தார். குழந்தையின் தாய்மாமன் சில ஆண்டுகளுக்கு முன் மங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது மலேரியா வந்து மாத்திரை சாப்பிட்டதாகவும், அதன்பின் கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்ததாகவும், ஊருக்கு வந்து கீழாநெல்லி குடித்துத் தேறியதாகவும் சொன்னார்கள். யாரும் அதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. பரிசோதித்தபோது அவருக்கும் இக்குறைபாடு இருந்தது. தாய்மாமன் சீர் என்று நாம் எத்தனையோ தட்டுகளில் வைத்துக் கொண்டுபோகிறோம். இது மாமனும் மருமகனும் ஒரே இடத்திலிருந்து பெற்ற சீர்.

தாய்வழிதான் என்று தெரிந்ததும் அந்த வீட்டில் பேச்சு மாறியது. அவள் கொண்டுவந்த இரத்தம் என்றார்கள். உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து ஓர் ஊழியரை அழைத்துவந்தார். அவர் ஜெபித்துவிட்டு, இது தாயின் குடும்பத்தில் முன்னோர் செய்த அக்கிரமத்தினால் வந்த பரம்பரைச் சாபம். உபவாசித்துச் சாப நிவர்த்தி செய்தால்தான் கட்டு அறுபடும் என்று சொல்லிப் போனார். அவள் பச்சைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மூன்று நாள் உபவாசித்தாள். நான் அதைக் கேள்விப்பட்ட அன்றே அங்கே சென்று, அவளைச் சாப்பிடச் சொன்னேன்.

பிரியமானவர்களே, இதில் நான் தெளிவாகப் பேச வேண்டியவனாயிருக்கிறேன். பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதைப்பற்றி யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் பேசுகிறது. அந்த ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சாபம் தேடுகிறவர்கள், அதே வசனப்பகுதி ஆயிரம் தலைமுறைக்கு இரக்கத்தைப் பேசுவதை ஏனோ வாசிப்பதில்லை. எசேக்கியேலின் நாட்களில் தகப்பன்மார் புளிப்பைத் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பொருளில் ஒரு பழமொழி இஸ்ரவேலில் வழங்கியது. இனி அதை ஒருவரும் சொல்லக் கூடாது என்று கர்த்தர் தீர்க்கதரிசியைக்கொண்டு தடை செய்தார். 18ஆம் அதிகாரம் முழுவதும் அந்தத் தடையின் விளக்கமே. கர்த்தர் எடுத்துப்போட்ட பழமொழியை நாம் மறுபடியும் பொறுக்கி எடுத்து, பெற்று மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணின் தலையில் வைப்போமானால், அதை ஜெபம் என்று எந்த வாயினால் அழைப்போம்?

சாபம் என்கிறார்களே, அந்தச் சொல்லை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கச் சொல்லுகிறேன். மலேரியாக் கிருமி வாழ்ந்து பெருகுவது சிவப்பணுவிற்குள்தான். ஜி6பிடி குறைந்த சிவப்பணு அந்தக் கிருமிக்கு நல்ல வீடு அல்ல. கிருமி பெருகி முடிப்பதற்கு முன்னே அணு சிதைந்துவிடும், அல்லது உடலே அதை அப்புறப்படுத்திவிடும். உலக வரைபடத்தில் மலேரியா நெடுங்காலம் தங்கிய தேசங்களையும் இக்குறைபாடு மிகுந்த தேசங்களையும் குறித்தால் அவை பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. காய்ச்சல் ஊர்களை வாரிக்கொண்டுபோன காலங்களில், கொடிய மலேரியாவிலிருந்து இக்குறைபாடு ஓரளவு காத்தது என்பதே அறிஞர்களின் பொதுவான முடிவு. அதனால்தான் இது அழிந்துபோகாமல் இத்தனை தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது.

நம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் காய்ச்சலைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் வேலையில், வெள்ளத்துக்கும் காட்டு விலங்குகளுக்கும் தப்பியவர்கள் பலரைக் கொண்டுபோனது மலேரியாவும் காலராவும்தான். பென்னிகுக் துரையின் படம் நம் வீடுகளில் தொங்குகிறது. காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் படம் எங்கும் இல்லை. அந்தத் தாயின் முன்னோர் யாரோ ஒருவர், எந்தக் காட்டிலோ எந்த நூற்றாண்டிலோ, பக்கத்தில் படுத்திருந்தவர் காய்ச்சலில் எழுந்திராமல்போன விடியற்காலையில் தாம் மட்டும் எழுந்திருக்கக் கூடும். எழுந்ததற்கு இந்த நொதிக்குறையும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும். நிச்சயமாக அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாபம் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்லுகிறவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கட்டும்.

இந்த அறிவு நமக்கு எப்படி வந்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்திலுள்ள ஸ்டேட்வில் சிறையில், கைதிகளுக்கு மலேரியாவை உண்டாக்கிப் புதிய மருந்துகளைச் சோதித்தார்கள். போர் முடிந்தபின்னும் சோதனைகள் தொடர்ந்தன. பிரைமாக்வின் என்ற மாத்திரையைச் சாப்பிட்ட கறுப்பினக் கைதிகள் சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைந்தது. ஏன் என்று தேடிய கார்சன், ஆல்விங் முதலியோர் 1956இல் ஜி6பிடி குறைவே காரணம் என்று வெளியிட்டார்கள். கைதிகள் சம்மதித்தே பங்கேற்றார்கள் என்று சொல்லப்பட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறவனின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்பதை நீங்களே நிதானித்துப் பாருங்கள். நம் சபைக் குழந்தையின் கட்டிலருகே மருத்துவர் சில நிமிடங்களில் காரணத்தை ஊகிக்க முடிந்ததற்கு அந்த மனிதர்களின் இரத்தம் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சிறையில் இருப்பவர்களுக்காக நாம் ஏறெடுக்கும் ஜெபத்தில் அவர்களுக்கும் நான் இப்போது நன்றி சொல்லுகிறேன்.

குழந்தை தேறினான். உருண்டை நாற்றமுள்ள துணிகள் அகற்றப்பட்டதும், ஏற்றிய இரத்தம் தாங்கிக்கொள்ள, மஜ்ஜை புதிய அணுக்களை அனுப்பத் தொடங்கியது. இங்கு ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிதைவு நடக்கும்போது முதலில் உடைபவை வயதான அணுக்கள். இளம் அணுக்களில் நொதி சற்று மிகுதி. ஆகையால் நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் இரத்தத்தைச் சோதித்தால், எஞ்சியிருக்கும் இளம் அணுக்களால் அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றிவிடலாம். ஏற்றிய இரத்தமும் முடிவை மறைக்கும். அதனால் மருத்துவர் மூன்று மாதங்கள் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொன்னார். சோதனை ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டிலிருந்துவிட்டால் உண்மை தெரியாமலே போகும். இவர்கள் போனார்கள்; அப்போதுதான் உறுதியானது. இரத்தத்தை மாற்றும் மருந்து எதுவும் இதற்கு இல்லை. விலக்க வேண்டியதை விலக்கி வாழ்வதே மருத்துவம்.

விலக்கவேண்டியவற்றின் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டிற்கு வந்தவர்கள், அளவுக்கு மீறிப் பயந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஒரு பயற்றின் பெயர் இருந்தது. யாரோ அதை மொச்சை என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் மானாவாரிக் காட்டுப் பக்கத்தில் மொச்சையை விலக்கி எப்படிச் சமைப்பது? அந்த வீட்டு அடுப்பில் மொச்சையும் அவரையும் ஏறாமல் இரண்டு மாதம் போயின. பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று தாயும் தொடவில்லை. பட்டியலில் சொல்லப்பட்டது ஃபாவா என்னும் பயறு. மத்தியதரைக் கடல் நாடுகளில் அன்றாட உணவு. அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்களே சிவப்பணுவைத் தாக்குகின்றன. அது வேறு செடி, நம் மொச்சை வேறு செடி. மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த நாளில் அந்த வீட்டில் மொச்சைக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினார்கள். வீண் பயமும் ஒரு நுகம்தான்.

தாய்வழி வருவதைக் குறித்து வேதம் என்ன சொல்லுகிறது என்று அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டாள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பவுல் அந்த வாலிபனின் விசுவாசத்தை எண்ணும்போது அது எந்த வழியாக வந்தது என்பதையும் எண்ணுகிறார். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். தகப்பன் கிரேக்கன் என்பதற்குமேல் அவனைப்பற்றி வேதத்தில் நமக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. தீமோத்தேயு அடிக்கடி உடல் பலவீனப்பட்டவன் என்பதும் பவுலின் நிருபத்திலிருந்தே தெரிகிறது. அதற்காக அவனுடைய தாயை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அவள் அந்த அதிகாரத்தைத் தன் வேதாகமத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. மணமாகி இன்னும் பிள்ளை இல்லை. இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாமா, புகுந்த வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தங்கை தயங்குகிறாள். அத்தங்கை எந்த வீட்டின் மருமகள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நம் சபையின் மாமியார்கள் இதை வாசிக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். உங்கள் மருமகள் ஒருநாள் இப்படி ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கக் கூடும்.

நம் பகுதியில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிப்பது இன்னும் மிகுதி. பொதுவாக ஆண்களையே வாட்டும் இக்குறைபாடு, தகப்பன் வழியாகவும் தாய் வழியாகவும் ஒரே குடும்பத்திலிருந்து வந்து சேரும்போது பெண்பிள்ளைகளையும் அதே அளவில் வாட்டும். திருமணப் பேச்சு எடுப்பதற்கு முன் என்னிடம் வருகிற பெற்றோரிடம் இதை நான் நேரிலேயே சொல்லிவருகிறேன்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பச்சிளங்குழந்தை இருக்கிற, அல்லது வரப்போகிற வீட்டில் அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டு பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கழிப்பறையில் போடும் வெள்ளை உருண்டையும் பல நேரங்களில் இதே பொருள்தான். பழந்துணிகளைப் பாதுகாக்க நம் முன்னோர் காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டார்கள், நாமும் போடலாம். உருண்டை போட்ட பெட்டியிலிருந்த துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை அலசினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். பச்சைக்குழந்தைகளின் கையிலும் காலிலும் மருதாணி இடுவதையும் தவிர்த்துவிடுங்கள். அதன் நிறம் தரும் பொருளாலும் இதே சிதைவு நேர்ந்திருக்கிறது. பிறந்த இரண்டு மூன்று நாட்களில் குழந்தையின் மஞ்சள் கூடிக்கொண்டே போனால், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலம் கடந்தால் அந்த மஞ்சள் மூளையைத் தாக்கும். மலேரியாவுக்கு, தொழுநோய்க்கு, சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதும்போது, உங்கள் குடும்பத்தில் இக்குறைபாடு இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரைமாக்வின், டாப்சோன், நைட்ரோபுரான்டாயின் ஆகிய மூன்று பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடையில் நீங்களே கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கத்தை இவ்விஷயத்திலாவது விட்டுவிடுங்கள்.

தள்ளிப்போன ஞானஸ்நானம் வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆராதனையில் நடைபெறும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவனுக்குப் புதிய நூல் துணியில் அங்கி தைத்திருக்கிறார்கள். அதை இரண்டுமுறை துவைத்து வெயிலில் உலர்த்தியது அப்பத்தா. தாய்மாமன் மங்களூரிலிருந்து வருகிறார். இருவருடைய பெயரும் குறைபாடும் எழுதிய அட்டைகளை மருத்துவமனையில் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. அன்று வேறு மூன்று குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. அந்த வீட்டார் துணிகளைக் குறித்து ஐயம் இருந்தால் சனிக்கிழமைக்கு முன் சங்கத்தாரிடம் பேசிக்கொள்ளவும். ஆராதனைக்குப் பின் மதிய உணவு ஆலய வளாகத்திலேயே. குழம்பு மொச்சைக் குழம்புதான்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்